சுகர்தியைப் பார்க்க ஒரு காப்பகம்

"எந்த மிருகம் பாக்கணும்?" என்று கேட்டார் நாம்தேவ்.

கன்ஹார்பானி புலிகள் காப்பகத்தில் நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அவர். ஜன்னலுக்கு வெளியே நின்றவன் பிசாஹு மராவி, எங்கள் காலனிக்காரன், என் அடுத்த வீடு. துணைக்கு வா என்று என்னையும் இழுத்து வந்திருந்தான்.

"மிருகம் எதுவும் வேணாங்கய்யா. என் மகளைப் பாக்கணும்."

"மக எங்க வேலை பாக்குது? உள்ள கேன்டீன்லயா?"

"இல்லீங்க. சரைடோலாவுல இருக்கா. செத்துப் போயிட்டா. கல்லு நட்டிருக்கோம்."

நாம்தேவ் கெட்டவர் அல்ல. கணினித் திரையை மேலும் கீழும் ஓட்டி ஒழுங்காகத்தான் தேடினார். பிறகு எங்கள் பக்கமாகத் திரையைத் திருப்பியும் காட்டினார்.

"நீங்களே பாருங்க. எட்டாவது கட்டம், 'காண விரும்பும் விலங்கு'. புலி, சிறுத்தை, காட்டெருமை, பாராசிங்கா மான், கரடி, பறவை. இவ்வளவுதான் கொடுத்திருக்காங்க. மகள்னு ஒண்ணு இல்லை."

பிசாஹு திரையையே பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"பறவைன்னு போட்டுக்குங்கய்யா," என்றான்.

சரைடோலா எங்கள் ஊர். நாற்பத்திரண்டு வீடு, எல்லாரும் கோண்டுப் பழங்குடிகள். எட்டு வருடத்துக்கு முன் புலிகளுக்கு இடம் போதவில்லை என்று தெரியவந்தது. புலிகள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை; வனத்துறைதான் வந்து சொன்னது. லாரிகள் வந்தன. சட்டி பானை, கோழி, கூரை ஓடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கினார்கள். துறையின் காகிதத்தில் இந்த இடத்துக்கு 'மறுவாழ்வுத் தொகுதி மூன்று' என்று பெயர். ஏற்றிக்கொண்டு வர முடியாதவை இரண்டு. ஒன்று கிணறு. இன்னொன்று, செத்தவர்களுக்காக நாங்கள் நட்டுவைத்த கற்கள். என் அப்பாவின் கல்லும் அங்கேதான் இருக்கிறது.

பிசாஹு என்றால் எங்கள் பேச்சில் விலைக்கு வாங்கியவன். அவனுக்கு முன் பிறந்த மூன்றும் தங்காததால், அவன் தாய் அவனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் வரகுக்கு விற்றுவிட்டு அன்று சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொண்டாள். சாவு பெயரைக் குழப்பிக்கொண்டு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அவன் விஷயத்தில் பலித்தது. அவனுக்கும் அவன் மனைவி பைசாகினுக்கும் நெடுநாள் கழித்துப் பிறந்த சுகர்தியை யாருக்கும் விற்கத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் அடுப்படியில் கட்டுவிரியன் கடித்தது. ஊர் எல்லையில் கருமருது மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டோம். அதற்கு மூன்றாம் வருடம் லாரிகள் வந்தன.

பங்குனி பிறந்து இலுப்பைப் பூ விழத் தொடங்கினால், முதல் கைப்பிடிப் பூவைச் செத்தவர்களுக்கு வைத்துவிட்டுத்தான் நாங்கள் வாயில் போடுவோம். இங்கே வந்த முதல் மூன்று வருடம் பழைய காவலர் ஒருவர் எங்களை ஓடைப்பக்கமாக உள்ளே விட்டுவிட்டு, தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரை மாற்றிவிட்டார்கள். மரத்துக்கு மரம் கேமரா கட்டினார்கள். ஐந்து வருடமாகப் பைசாகின் இலுப்பைப் பூவைத் தொடவில்லை. இந்த வருடம் அவளுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் இதய வால்வு பழுது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதனால்தான் அவன் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

நாம்தேவ் 'பறவை' என்று போட்டார். அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். கணினி கீச்சென்று கத்தியது.

"என்னங்கய்யா?"

"அட்டையில சரைடோலான்னு இருக்கு. சரைடோலா மையப் பகுதிக்குள்ள வருது. உள்ள குடியிருக்கிறவங்களுக்கு உள்ள போக டிக்கெட் போட முடியாது. கணினி ஏத்துக்க மாட்டேங்குது."

"நான் உள்ள இல்லீங்களே. இதோ உங்க முன்னாடி நிக்கிறேனே?"

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே," என்றார் நாம்தேவ் வருத்தத்தோடு.

பத்து நாள் கழித்துப் பிசாஹுவுக்கு ஒரு தபால் வந்தது. விலாசம் சரைடோலா என்றுதான் போட்டிருந்தது. தபால்காரர் நேராக எங்கள் காலனிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அரசாங்கத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தாங்கள் காப்பகத்தின் மையப் பகுதியில் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியிருப்பது தங்கள் அடையாள அட்டையின் மூலம் தெரியவருவதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதை நேரில் வந்து விளக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார்தான் படித்துச் சொன்னார்.

"நேர்ல வரச் சொல்லியிருக்காங்களா?" என்று பைசாகின் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப உள்ள கூப்பிடறாங்களா?"

"ஆபீசுக்கு," என்றான் பிசாஹு.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

துணை இயக்குநர் ஸ்ரீவாஸ்தவ் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதற்கு முன் எந்த அதிகாரியும் அப்படிச் சொன்னதில்லை. அறை குளிர்ந்து கிடந்தது. அவர் நோட்டீஸைப் பார்த்தார், பிசாஹுவைப் பார்த்தார், காட்டில் குடியிருக்கும் ஆள் காட்டில் இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே கண்டு ஒரு குறிப்பு எழுதினார். பிசாஹு சுகர்தியின் விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்க பெரியவரே, எனக்கும் மனசு இருக்கு. நானும் ஊரை விட்டு வந்தவன்தான். போபால்ல சொந்த வீடு, தோட்டம், எல்லாம் விட்டுட்டு இங்க குவார்ட்டர்ஸ்ல கிடக்கிறேன். வெந்நீர்கூட ஒழுங்கா வர்றதில்லை. இடம்பெயர்ந்த வலி எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

"ஐயோ," என்றான் பிசாஹு, உண்மையாகவே.

"காட்டுக்குள்ள மனுஷனே வரக்கூடாதுன்னு நாங்க சொல்லலை. தினம் எத்தனை ஜீப் விடறோம்! அவங்கல்லாம் காட்டை நேசிக்கிறவங்க. எங்கெங்கிருந்தோ வர்றாங்க. வருவாங்க, பாப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க. உங்க ஆளுங்க அப்படியா? வந்தா அங்கேயே இருந்துடறீங்க. முந்நூறு வருஷம் இருந்திருக்கீங்க! ஒரு மிருகம் எப்படித் தாங்கும்?"

"ஒரு நாள் போதுங்கய்யா. ஒரு பொழுது."

"அந்த ஒரு பொழுதுதான் ஆபத்து. நினைவு வரும். நினைவு வந்தா அழுவீங்க. அழுதா சத்தம் வரும். சத்தம் வந்தா மான் ஓடும். மான் ஓடினா புலி நகரும். பணம் கட்டி வந்தவங்க புலியைப் பாக்காம திரும்பிப் போவாங்க. ஒரு கண்ணீர் எங்க போய் முடியுது பாத்தீங்களா? இதெல்லாம் சூழலியல்."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து வழுவழுப்பான ஒரு புத்தகத்தை எடுத்தார். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காகவே துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறதாம்: வனவிலங்கு தரிசன விழிப்புணர்வுச் சுற்றுலா. மாநிலத்தில் எங்களுக்குப் பிடித்த காப்பகம் ஒன்றை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பஸ், சாப்பாடு, ஜீப் எல்லாம் இலவசம். எந்த விலங்குகளுக்காக ஊரை விட்டோமோ அந்த விலங்குகளைக் கண்ணால் பார்த்தால் மனம் ஆறும் என்பது நிபுணர்களின் கருத்து.

பிசாஹுவின் முகம் மலர்ந்தது. "அப்ப கன்ஹார்பானின்னே எழுதிக்குங்கய்யா."

"பதினோராவது விதி," என்றார் அவர், புத்தகத்தைப் புரட்டி. "எந்தப் பயனாளியும் தான் வெளியேற்றப்பட்ட காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது. மத்தது எல்லாம் உங்க இஷ்டம். நல்லா யோசிச்சு, குடும்பத்தோட கலந்து பேசி எடுங்க. காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் பயணத்தோட பாதி சந்தோஷமே இருக்கு."

காலனியில் கைப்பம்புக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டோம். வாத்தியார் புத்தகத்தை உரக்கப் படித்தார். 'உங்களுக்கேற்ற காப்பகம் எது?' என்று முதல் பக்கத்தில் ஒரு கேள்வித்தாள். நீங்கள் சாகசத்தை விரும்புபவரா, அமைதியை விரும்புபவரா? அதிகாலையில் எழப் பிடிக்குமா? கூடாரத்தில் தங்கியிருக்கிறீர்களா? புலியைப் பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை இருந்தால் உங்களுக்குத் திருப்தி?

"புலி பாக்க ஒரு பகல் பூரா பஸ்ல போகணுமா?" என்று கேட்டான் ஜக்கூ. அவனுக்கு எதிலும் கிண்டல்தான். "போன மாசம் என் ஆட்டைத் தின்னுட்டு, வாசல்லயே உக்காந்து மீசையைத் துடைச்சுட்டுப் போச்சே, அதை நூத்துக்கு எத்தனைன்னு போடறது?"

"உன் ஆடு சாகசத்தை விரும்புற ஆடுடா," என்றார் வாத்தியார்.

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு சூடு பிடித்தது. ஏரி உள்ள காப்பகம் வேண்டும் என்றார்கள் சிலர். மலை வேண்டும் என்றார்கள் சிலர். சாப்பாட்டில் கோழி போடுகிற காப்பகம் எது என்று ஒரு கட்சி கிளம்பியது. எட்டு வருடத்தில் எங்களிடம் யாரும் எங்கே போக விருப்பம் என்று கேட்டதில்லை. கேட்டதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பைசாகின் புத்தகத்தை மடியில் வாங்கிப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தாள்.

"இங்க போகலாம்."

மால்தேவ் காப்பகம். பெரிய புல்வெளி, நடுவே காட்டெருமைக் கூட்டம்.

"காட்டெருமை புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எருமையை யாரு பாத்தா? பின்னாடி பாரு. அஞ்சு மாமரம், ஒரே வரிசையில நிக்குது. காட்டுல தானா முளைச்சது வரிசையிலயா நிக்கும்? யாரோ நட்டிருக்காங்க."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. விண்ணப்பத்தில் 'தேர்வுக்கான காரணம்' என்ற இடத்தில் வாத்தியார், 'காட்டெருமை மீதுள்ள ஆர்வம்' என்று எழுதினார்.

சித்திரையில் பஸ் வந்தது. ஏறும்போது ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். முன்பக்கம் புலி முகம், இரண்டு காது. ஐம்பத்தைந்து வயது பிசாஹுவும் அதைப் போட்டுக்கொண்டான். பைசாகின் முக்காட்டுக்கு மேலேயே வைத்துக்கொண்டாள். மடியில் தேக்கிலைப் பொட்டலத்தில் இலுப்பைப் பூ இருந்தது.

மால்தேவில் முதலில் வகுப்பு. 'காடு என்றால் என்ன?' என்று கோட்டு போட்ட ஓர் இளம் அதிகாரி படம் போட்டு விளக்கினார். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் வித்தியாசம் சொன்னார். அவர் காட்டிய கடமான் படம் நீலமானுடையது என்று ஜக்கூ எழுந்து சொன்னான். கேள்விகளைக் கடைசியில் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் நேரமில்லை. பிறகு எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம்: காட்டை வீடாக நினைக்க மாட்டேன், விருந்தாளியாகவே நடந்துகொள்வேன்.

மறுநாள் விடிந்ததும் ஜீப். எங்கள் வண்டியை ஓட்டியவன் மானாஜி என்ற கொர்க்குப் பழங்குடி இளைஞன். பக்கத்தில் சீருடையோடு ஒரு வழிகாட்டி. "வண்டியை விட்டு யாரும் இறங்கக்கூடாது," என்று வழிகாட்டி ஏழெட்டு முறை சொன்னார். மயில் வந்தது, காட்டினார். குரங்கு வந்தது, காட்டினார். நாங்கள் குறை வைக்காமல் வியந்தோம்.

ஒரு வளைவில் திரும்பியதும் அந்தப் புல்வெளி. அந்த ஐந்து மாமரம்.

"இது இயற்கையா உருவான புல்வெளி," என்றார் வழிகாட்டி. "காட்டெருமைங்க மேயறதுக்குன்னே இயற்கை படைச்சது."

அந்த இயற்கைப் புல்வெளியில் ஒரு கிணற்றுச் சுவர் பாதி இடிந்து கிடந்தது. ஆட்டுக்கல் ஒன்று மழைத்தண்ணீர் காய்ந்த கறையோடு கவிழாமல் உட்கார்ந்திருந்தது. பாதைக்கு மிக அருகில், மாமர வரிசையின் முடிவில், தேக்குப் பலகைகள் மண்ணில் நட்டு நின்றன. கொர்க்குகள் செத்தவர்களுக்குக் கல் நடுவதில்லை. மரம் செதுக்கி நடுவார்கள். மேலே சூரியனும் சந்திரனும், கீழே குதிரைமேல் ஓர் ஆள். எல்லாப் பலகையும் ஆள் உயரம். ஒன்று மட்டும் இடுப்பளவு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"சின்னது," என்றாள் பைசாகின்.

அப்போது வண்டி நின்றது. காட்டெருமை எதுவும் இல்லை. மானாஜி சாவியைத் திருகினான். வண்டி உறுமவில்லை.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்றான் அவன், யார் முகத்தையும் பார்க்காமல்.

வழிகாட்டி இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்து குனிந்தார். பைசாகின் மறுபக்கம் காலை ஊன்றி இறங்கிவிட்டாள். பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். பிசாஹு பின்னால் ஓடினான். அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அதன்மேல் படர்ந்திருந்த கொடியைப் பிய்த்தாள். சந்திரனில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். இலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பூவை வைத்தாள். பிசாஹு கிணற்றடியிலிருந்து இரண்டு கல்லைத் தூக்கிவந்து முட்டுக் கொடுத்துப் பலகையை நிமிர்த்தினான்.

தலையில் புலிக்காதோடு இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜக்கூ தன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

வழிகாட்டி நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் மான் அல்ல, காட்டில் இருந்த எல்லாமே ஓடியிருக்கும். "ஏம்மா! ஏம்மா! விதி தெரியாதா உங்களுக்கு? ஏறு வண்டியில!"

பைசாகின் திரும்பி வந்து ஏறினாள். வண்டி உடனே கிளம்பியது. காப்பக வாசலில் வழிகாட்டி புகார் எழுத உள்ளே போனதும் மானாஜி பின்னால் திரும்பினான்.

"அந்த ஊரு பேரு ஆம்டானா, அத்தை. எங்க ஊருதான். அது எங்க சோன்கலி சித்தியோட பையனுது. ஆறு வயசு, காய்ச்சல். சித்தி உள்ள போயே நாலு வருஷமாச்சு. விட மாட்டேங்கிறாங்க. நான் வண்டி ஓட்டறதால பாக்கறேன். ஆனா இறங்கினா வேலை போயிடும்."

பைசாகின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊரு ஆளுங்களையும் இந்த மாதிரி பஸ்ல கூட்டிட்டுப் போவாங்களா?"

"அடுத்த வருஷம்னு சொல்றாங்க."

"உங்க சித்திகிட்ட சொல்லு. கன்ஹார்பானியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லு. புலி இருக்கா, எருமை இருக்கான்னு பாக்க வேணாம். நான் சொன்னேன்னு சொல்லு."

துறை இரண்டு காகிதங்கள் அனுப்பியது. முதலாவதில், பயனாளி பைசாகின் பாய் மராவி வனவிலங்குப் பாதுகாப்பு விதிகளை மீறியதால் மாநிலத்தின் எந்தக் காப்பகத்திலும் ஆயுள் முழுவதும் நுழையத் தடை என்று இருந்தது. இரண்டாவது, திட்டத்தின் வெற்றி அறிக்கை. அதன் அட்டையில் பஸ் ஏறும்போது எடுத்த படம்: புலிக்காதுத் தொப்பியோடு பைசாகின். 'வனம் தந்த மகிழ்ச்சி' என்று கீழே எழுதியிருந்தது. இரண்டிலும் ஸ்ரீவாஸ்தவ்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மழைக்காலத்துக்குப் பிறகு பைசாகினுக்குக் கால் வீங்கியது. தை பிறந்தபோது கட்டிலை விட்டு இறங்கவில்லை. காய்ந்த இலுப்பைப் பூ வாசனை வந்தால் மட்டும் கண்ணைத் திறப்பாள்.

மால்தேவிலிருந்து ஆம்டானா ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் வருகிறது என்று எங்களுக்குச் சொன்னவர் நாம்தேவ். தானே சைக்கிளை மிதித்துக்கொண்டு காலனிக்கு வந்தார். "நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம். நாளைக்குக் காலையில ஆறு மணி வண்டி. பயனாளிகளோட பேசக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா ஆறு மணிக்கு நான் டிக்கெட் சரிபார்க்கணும். எனக்குக் கண்ணு சரியில்லை, மெதுவாத்தான் பாப்பேன்."

கன்ஹார்பானி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் தலையிலும் அதே தொப்பி. பிசாஹு இலுப்பைப் பூப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை ஒட்டி நடந்தான். "சோன்கலி யாரு? சோன்கலி?"

நடுத்தர வயதில் ஒல்லியான ஒரு பெண் முன்னால் வந்தாள். "நீங்கதான் அந்த அண்ணனா?"

"ஆமா."

"எங்க வூட்டுப் பலகை..." அவள் இன்னும் கிட்டே வந்தாள். "மானாஜி சொன்னான். இப்பவும் நிக்குதாமே?"

"சாஞ்சிருந்துச்சு. கல்லு முட்டுக் கொடுத்தோம். சந்திரன் நல்லா இருக்கு. குதிரைக்கு ஒரு காலு மட்டும் போயிருச்சு."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே நின்று அழுதாள். சத்தமே வரவில்லை. சீருடைக்காரர் ஒருவர், "யாரது அங்க, நகரு" என்று வந்துகொண்டிருந்தார். பிசாஹு பேச்சை அவசரப்படுத்தினான்.

"ஓடையைத் தாண்டினதும் வலது கைப்பக்கம். பெரிய கருமருது, அடியில பிளந்திருக்கும். முழங்கால் உயரத்துல ஒரே கல்லு. பேரு சுகர்தி. பேரைச் சொல்லி வச்சாப் போதும், வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

பொட்டலம் கை மாறியது. நாம்தேவ் அதுவரை ஒரே சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிப்பொழுதுக்கு ஜீப்புகள் திரும்பி வந்தன. சோன்கலி இறங்கியதும் நேராக எங்களிடம் வந்தாள். சீருடைக்காரரின் அதட்டலை இந்த முறை அவள் காதில் வாங்கவில்லை. அவள் சொன்னதை எல்லாம் பிசாஹு தலையாட்டாமல் கேட்டான். பிறகு ஐந்து மைல் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

பைசாகின் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். பிசாஹு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பாத்தாளாமா?"

"பாத்தாளாம்."

"இறங்கினாளா?"

"இறங்க முடியலை. போன வருஷம் நீ இறங்கினதால இப்ப ஜீப்புக் கதவுக்கெல்லாம் பூட்டு போட்டுட்டாங்க. உள்ளேயிருந்தே பேரைச் சொல்லி வீசினாளாம். பாதி கல்லு மேலயே விழுந்துச்சாம்."

"கல்லு நல்லா இருக்கா?"

"மஞ்சப் பெயின்ட் அடிச்சு ஏழுன்னு நம்பர் போட்டிருக்காங்களாம்."

"மஞ்சளா?" அவள் அதை யோசித்தாள். "மஞ்சள் நல்லதுதான். நம்பர் எதுக்கு?"

"அந்த எடத்துல நின்னா எதிர்மேட்டுல புலி தெரியுமாம். அதுக்கு அடையாளம். வர்ற வண்டி எல்லாம் அங்க வந்துதான் நிக்குமாம். காலையில ஒரு வரிசை, சாயங்காலம் ஒரு வரிசை."

"நின்னு என்ன பண்ணுவாங்க?"

"இன்ஜினை அணைச்சுருவாங்க. யாரும் மூச்சு விடக்கூடாது. வெளிநாட்டுக்காரங்க, பட்டணத்துக்காரங்க, சின்னப் புள்ளைங்க, எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டுப் பேசாம உக்காந்திருப்பாங்களாம், ரொம்ப நேரம்."

"புலி வருமா?"

"இன்னைக்கு வரலையாம். எப்பவாச்சும் அபூர்வமாத்தான் வருமாம்."

பைசாகின் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"அப்ப மத்த நாளெல்லாம் நம்ம புள்ளையைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க," என்றாள்.

"ஆமா," என்றான் பிசாஹு.